ஆறு மணிக்கு இரவு

ஏப்ரல் 26, ஞாயிறு

இந்தக் கொப்பியைத் தந்தவள் கிளோரியா. பாண் சுடுகிற தொழிற்சாலையின் இரவு வேலையில் பதினொரு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று தட்டு அடுக்கியவள். போகிற இடத்தில் நடப்பதையெல்லாம் எழுதி வைக்கச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே எதையும் எழுதலாம்.

இவர், என் கணவர், தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் பிறருடைய கொப்பியைத் திறக்கிற ஆள் இல்லை. யாரிடமும் எதையும் துருவிக் கேட்கிற ஆளும் இல்லை. எனவே குசினி மேசையின் இழுப்பு லாச்சியிலேயே வைத்திருக்கிறேன்.

ஸ்காபரோ நகரத்து எங்கள் மாடி வீட்டிலிருந்து மூன்று மணித்தியாலம் காரில் ஓடி வந்தோம். கடைசி ஒரு மணித்தியாலம் வழியில் ஒரு தேநீர்க் கடைகூட இல்லை. பின் சீற்றிலிருந்த ஆரணி, "அம்மா, இஞ்சை ஆக்கள் இருக்கினமோ, மாடு மட்டுமோ?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயது. சிநேகிதிகளை விட்டு வந்த கோபம்.

வெள்ளைப் பலகை வீடு. பின்னால் வெறும் நிலம், நிலத்துக்கு அப்பால் ஏரி. ஏரியைப் பார்க்க முடியவில்லை. பனிமூட்டம் மட்டும் தெரிந்தது. நாங்கள் ஏதோ ஒரு கடதாசியின் ஓரத்தில் வந்து நிற்பதுபோல எனக்கு இருந்தது.

மறக்காமல் எழுதி வைக்கிறேன். எங்களுக்குள் பேச்சு இதுதான்: ஒரு கோடை. இவர் இந்த நிலத்தில் போடப்போகிற அவரைப் பயிர் காய்த்தால் இங்கேயே இருப்பது. காய்க்காவிட்டால் என் விடுப்பு முடிகிற செப்டெம்பர் எட்டாம் திகதி நானும் ஆரணியும் திரும்பிப் போவது. மாடி வீட்டில் அதுவரைக்கும் கிளோரியாவின் தங்கை இருக்கிறாள். இவர் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

மே 3, ஞாயிறு

ஏன் அவரை என்று ஆரணி கேட்டாள். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

என் கணவர் தவசீலனின் தகப்பன் தபாலதிபர். இவர் பிறந்ததிலிருந்து மண்வெட்டி பிடித்தவர் அல்ல. இங்கே வந்தும் கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில்தான் வேலை. விவசாயத்தில் இவருக்கு இருக்கும் ஒரே அத்தாட்சி எங்கள் ஒன்பதாம் மாடிப் பல்கனியில் நின்ற ஒரு பூச்சாடி. ஊரில், சுன்னாகத்திலிருந்து இவருடைய அக்கா கொடுத்துவிட்ட அவரை விதையை நான் அதில் ஊன்றினேன். ஒவ்வொரு வருடமும் ஜூலையில் குலைகுலையாகக் காய்க்கும்.

"ஊரிலை மார்கழி வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கோணும்," என்று இவர் சொல்லுவார். "இஞ்சை பாரும் சுகி, ஆடியிலையே காய்க்குது. கோடை வெளிச்சம் அப்பிடி. ஒரு சாடியிலை இவ்வளவெண்டால் ஒரு ஏக்கரிலை எவ்வளவு?"

சாடியைப் பார்த்து ஏக்கரைக் கனாக் கண்ட ஆளை நான் கட்டியிருக்கிறேன். ஆனால் அந்தச் சாடிக்குத் தண்ணீர் விட்டது நான். பின்னேரம் வேலைக்குப் போகுமுன் புறாக்களுக்குப் பயந்து உள்ளே தூக்கி வைத்ததும் நான்தான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மே 9, சனி

கலியாணம் கட்டிப் பதினைந்து வருடம். இவர் தேத்தண்ணியை ஆறவைத்துத்தான் குடிப்பார் என்பதை இன்றைக்குத்தான் அறிந்தேன்.

சொன்னால் சிரிப்பார்கள். ஆரணியைத் தனியே விடக் கூடாது என்று ஆளுக்கொரு நேரமாக வேலை எடுத்தோம். இவர் பின்னேரம் ஐந்தரைக்கு வருவார், நான் ஆறுக்குப் போவேன். காலையில் நான் எட்டுக்கு வருவேன், எட்டேகாலுக்கு இவர் போவார். ஒரு நாளைக்கு முக்கால் மணித்தியாலக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நித்திரை.

இப்போது நாள் முழுக்க ஒரு ஆண்பிள்ளை வீட்டுக்குள் நடமாடுகிறார். சவரம் செய்யும்போது முணுமுணுத்துப் பாடுகிறார். எங்கே நின்று எதைப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மே 24, ஞாயிறு

விதைத்தாயிற்று. இருபத்திரண்டு நிரை. கம்பு நட்டு, கம்பி இழுத்து, ஒவ்வொரு நிரைக்கும் மேலே பந்தல். பக்கத்துப் பண்ணை யொஹானா வந்து வேலியடியில் நின்று பார்த்தாள். மாடு வளர்க்கிற குடும்பம். கை இரண்டும் ஆண்பிள்ளையின் கை. என்ன பயிர் என்று கேட்டாள். பீன்ஸின், எங்கள் போஞ்சியின், பெரியம்மா பிள்ளை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். தலையாட்டினாள்.

இவரின் உள்ளங்கையில் நான்கு கொப்புளம். மருந்து போடக் கையைப் பிடித்தேன். இருவருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

ஜூன் 14, ஞாயிறு

நித்திரை இல்லை. இரவு ஒன்பதரைக்கும் வானத்தில் வெளிச்சம். மாடி வீட்டில் என் படுக்கையறை யன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டி, அதன் மேல் கறுத்தச் சீலை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கை தெரியாது. இங்கேயும் தாளை எடுத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனேன்.

"இந்த வெளிச்சத்துக்காக எல்லோ வந்தனாங்கள். அதை ஏன் மறைக்கிறீர்?" என்றார் இவர்.

தாளைச் சுருட்டி லாச்சியில் வைத்தேன். இந்தக் கொப்பிக்குப் பக்கத்தில்.

ஜூன் 21, ஞாயிறு

ஆண்டின் மிக நீண்ட பகலாம். அந்தி சாய்ந்தும் சாயாமல் ஏரியிலிருந்து மூட்டம் ஏறி வந்து நிரைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குப் படுத்துக்கொண்டது. அதற்கு மேலே மின்மினிகள். மான் ஒன்று எங்கள் பந்தலடியில் நின்று என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். நித்திரை குறைந்த கண்ணுக்கு எல்லாமே யாரோ சொல்லக் கேட்பதுபோலத்தான் தெரிகிறது.

கொடிகள் என் உயரத்துக்கு வந்துவிட்டன.

ஜூலை 12, ஞாயிறு

கொடி பந்தலைத் தாண்டி, மேலே பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றில் கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பூ இல்லை.

ஜூலை 19, ஞாயிறு

பூ இல்லை.

ஜூலை 27, திங்கள்

இப்போது ஒவ்வொரு நிரையும் ஒரு பச்சைச் சுரங்கம். உள்ளே போனால் வெளிச்சமே பச்சையாக இருக்கிறது. ஆரணி ஐந்தாம் நிரைக்குள் பாய் விரித்துப் புத்தகம் வாசிக்கிறாள். குளத்துக்கு அடியில் படுத்திருக்கும் பிள்ளை மாதிரி. "அம்மா, இதுக்குள்ளை வந்து படுங்கோ, நித்திரை வரும்," என்றாள். படுத்தேன். உண்மையாகவே வந்தது. பகல் நித்திரைக்குப் பழகிய உடம்பு.

இவர் பசளையை மாற்றிப் பார்த்தார். தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார். இன்றைக்கு ஒரு கொடியின் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார், தொலைத்த சாவியைத் தேடுகிற மாதிரி.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

யொஹானா வீட்டுக்கு முட்டை வாங்கப் போனேன். அவள் குசினி யன்னலில் பச்சையாக ஒரு செடி. நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, விற்பார்களே, சிவப்பு இலைச் செடி, அதுவாம். போன வருடத்தது. ஏன் சிவப்பு இல்லை என்று கேட்டேன். செப்டெம்பர் கடைசியிலிருந்து தினமும் பின்னேரம் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, காலையில் வெளியே எடுப்பாளாம். நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அதற்குக் காலம் தெரியுமாம். வெளிச்சத்திலேயே நின்றால் இலை மட்டும் தள்ளிக்கொண்டு நிற்குமாம்.

முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மாடி வீட்டில் பின்னேரம் ஆறு மணிக்கு, வேலைக்குப் போகுமுன், சாடியை யன்னல் இல்லாத சாமான் அறைக்குள் வைப்பேன். காலை எட்டு மணிக்கு வந்து வெளியே எடுப்பேன். பதினான்கு மணித்தியால இருட்டு. பதினொரு வருடமாக அந்த அவரைக்கு ஜூலையும் மார்கழிதான். அது கனடா வெளிச்சத்தில் காய்க்கவில்லை. என் இரவு வேலையில் காய்த்தது.

ஆகஸ்ட் 5, புதன்

உடுப்புத் தோய்த்தேன். நல்ல வெயில், இரண்டு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது. புளிக்கஞ்சி வைத்தேன்.

இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் நினைப்பது சரியோ தெரியாது. தெரியாததைச் சொல்லி என்ன பயன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

குசினித் தரையைக் கழுவினேன். கிளோரியா தொலைபேசி எடுத்தாள். என் இடத்தில் நிற்கிற புதுப் பெண் தட்டுகளைக் கவிழ்க்கிறாளாம். "உன் கறுப்புச் சீலை இன்னும் யன்னலில்தான் தொங்குகிறது," என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஏனென்று தெரியவில்லை. அங்கே எனக்கு என்ன செய்வதென்று தெரியும். அவ்வளவுதான்.

இன்னும் ஐந்து கிழமைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒருவர் மனமும் நோகாது.

ஆகஸ்ட் 7, வெள்ளி

இவர் காலையில் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றார். கேட்பதா விடுவதா என்று யோசிக்கிற முகம்.

"சுகி, ஒருக்கா வயலுக்கு வாறீரே?"

"ஏன்?"

"அந்தச் சாடி உம்முடைய கையாலை வைச்சது. உம்முடைய கைராசிதான் அது. இதுகளை நான் வைச்சன். நீர் ஒருக்காத் தொட்டுவிட்டால்..." முடிக்கவில்லை. தபாலதிபரின் மகன், இதுவரைக்கும் ராசி பலன் வாசித்துக்கூடப் பார்க்காத ஆள்.

போனேன். இருபத்திரண்டு நிரையும் நடந்தேன். ஒவ்வொரு கொடியாகத் தொட்டேன். இவர் எனக்குப் பின்னால் இரண்டு அடி தள்ளி, கோயில் வீதி சுற்றுகிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு வந்தார். பதினேழாம் நிரையில் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் என்று சொன்னேன். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

குடித்தேன். நான் கெட்டவள்.

ஆகஸ்ட் 8, சனி

சொல்லிவிட்டேன்.

தேத்தண்ணி ஆறும்வரை காத்திருந்தேன். "அது கைராசி இல்லையப்பா," என்று தொடங்கினேன். ஆறு மணி, எட்டு மணி, சாமான் அறை, யொஹானாவின் செடி, எல்லாம் சொன்னேன். எப்போது அறிந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

இவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வெளிச்சம் தானோ பிழை?" என்றார்.

"பிழை எண்டில்லை. அதுக்கு இரவும் வேணும்."

"ம்," என்றார். பிறகு எழும்பிப் போய் யன்னலடியில் நின்று அந்தப் பச்சையையெல்லாம் பார்த்தார். இருபத்திரண்டு நிரைக்கும் எங்கே போய் இருட்டு வாங்குவது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

யொஹானாவிடம் மாட்டுத்தீவனம் மூடுகிற பிளாஸ்டிக் விரிப்பு மிச்சம் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வீட்டுப் பக்கத்து இரண்டு நிரைகளுக்கு மட்டும் போதும். வெள்ளையை வெளியே விட்டு, அடியில் கொஞ்சம் காற்றுப் போக விட்டு மூட வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு இரவை எப்படிக் கட்டுவது என்பது இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

மாலை ஆறு மணி. வெயில் கொளுத்துகிறது. நானும் ஆரணியும் ஒரு பக்கம், இவர் மறுபக்கம். பந்தலுக்கு மேலாக இழுத்து மூடினோம். ஆரணி கீழே குனிந்து உள்ளே பார்த்து, "குட் நைட்," என்றாள்.

எனக்கு மறுபடியும் இரவு வேலை கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 19, புதன்

ஆறுக்கு மூடினோம். எட்டுக்குத் திறந்தோம். காலையில் விரிப்பை விலக்கும்போது உள்ளிருந்து ஒரு ஈர மணம் வருகிறது. நித்திரை கலைந்த பிள்ளையின் தலைமயிர் மணம் போல.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

முதல் நிரையில் மொட்டு. கடுகு அளவு. ஆரணிதான் கண்டாள். இவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார். விரிப்புப் போடாத மூன்றாம் நிரையில் ஒன்றுமே இல்லை. அதையும் போய்ப் பார்த்தார். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். அழுதுவிட்டு வந்த கண். நான் காணாத மாதிரி இருந்தேன்.

செப்டெம்பர் 2, புதன்

மேற்பார்வையாளர் தொலைபேசி எடுத்தார். செவ்வாய்க்கிழமை இரவு வருவாயா, மாட்டாயா, இரண்டில் ஒன்று சொல் என்றார். ஞாயிறு சொல்கிறேன் என்றேன்.

செப்டெம்பர் 6, ஞாயிறு

பூத்திருக்கிறது. ஊதா. இரண்டு நிரை மட்டும். காய் இன்னும் இல்லை. செவ்வாய்க்கு முன் வரவும் வராது. பேச்சு காய்க்குத்தான், பூவுக்கு இல்லை.

விரிப்பை மூடிவிட்டுக் கை கழுவும்போது இவரே பேச்சை எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை நீர் போம் சுகி. நான் உம்மைப் பிடிச்சு வைக்கமாட்டன். ஆறு மணிக்கு மூடுறது, எட்டு மணிக்குத் திறக்கிறது, இப்ப எனக்கும் தெரியும்."

"தனிய ஏலாது. மற்றப் பக்கம் பிடிக்க ஆள் வேணும்."

"கல்லு வைச்சு இழுப்பன்."

யன்னலடிக் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். பதினைந்து வருடத்தில் இந்த மனிதர் என்னைப் போகச் சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்குப் போக வழி விட்டதும் இதுதான் முதல் தடவை. மேற்பார்வையாளருக்கு இன்னும் தொலைபேசி எடுக்கவில்லை.

செப்டெம்பர் 8, செவ்வாய்

ஆறு மணிக்கு மூடினேன்.

செப்டெம்பர் 13, ஞாயிறு

படுக்கையறை யன்னலில் அலுமினியத் தாள். இவர் ஒட்டியிருக்கிறார். லாச்சியில் இருந்து எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த கொப்பியைத் தொட்ட அடையாளம் இல்லை. தாள் நாலு இடத்தில் சுருங்கிப் போயிருக்கிறது, ஒட்டத் தெரியாது. பகல் பத்து மணி வரை தூங்கினேன். எட்டு மணிக்கு விரிப்பை அப்பாவும் மகளுமாகத் திறந்தார்களாம்.

செப்டெம்பர் 24, வியாழன்

காய். வெளிர்பச்சை, விளிம்பில் ஊதாக்கோடு. ஒரு கடகப் பெட்டி நிறைந்தது. தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினேன். யொஹானாவுக்கும் கொடுத்தேன். விரலால் எடுத்துத் தின்றுவிட்டுப் பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த வருடம் எத்தனை நிரைக்கு விரிப்பு வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

செப்டெம்பர் 29, செவ்வாய்

மற்ற இருபது நிரையும் ஒரேயடியாகப் பூத்துவிட்டன. பகல் குறுகிவிட்டது, இப்போதுதான் அவற்றுக்கு மார்கழி வந்திருக்கிறது. வீட்டிலிருந்து ஏரி மூட்டம் வரைக்கும் ஊதா. காலையில் கதவைத் திறந்தால் வேறு யாருடையதோ கனவுக்குள் காலை வைத்த மாதிரி இருக்கிறது. சாலையில் போகிற கார்கள் நின்று பார்த்துவிட்டுப் போகின்றன. காய்க்க இன்னும் மூன்று கிழமை வேண்டும். வானொலியில் உறைபனி பற்றிச் சொல்கிறார்கள்.

நாங்கள் மூவரும் பூவுக்கு நடுவே நடந்தோம்.

அக்டோபர் 5, திங்கள்

உறைபனி விழுந்துவிட்டது. விடிந்து பார்த்தால் பூவெல்லாம் கண்ணாடி. வெயில் பட்டதும் கறுத்துத் தொங்கிவிட்டது. இருபது நிரையும்.

எட்டு மணிக்கு முதல் இரண்டு நிரையின் விரிப்பை விலக்கினோம். பச்சையாக, சூடாக, காயும் பூவுமாக நின்றது. விரிப்பு குளிரையும் தடுத்திருக்கிறது. ஆரணி உள்ளே ஓடிப்போய்க் கொடியைக் கட்டிப்பிடித்தாள்.

அக்டோபர் 11, ஞாயிறு

இன்றைக்கு இருவருமாக விதைக் காய் பிடுங்கினோம். கொடியில் முற்ற நேரம் இல்லாததால், காய்களைக் குசினிக்குள் காய விட்டிருக்கிறேன். கை வேலையாக இருந்தால் வாய் வரும் என்று நினைத்துச் சொன்னேன்.

"உங்களிட்டைச் சொல்லமுன்னம் நாலு நாள் எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்தனான். காய்க்காமல் விடட்டும் எண்டு நினைச்சனான்."

இவர் காய் பிடுங்குவதை நிறுத்தவில்லை. ஒரு குலையை முடித்துக் கடகத்தில் போட்டார்.

"அந்தச் சாடி ஒவ்வொரு இரவும் சாமான் அறைக்குள்ளை நிண்டது," என்றார். "கூட்டுறதுக்குத் தும்புத்தடி எடுக்கப் போகேக்குள்ளை காணுவன். இதை ஏன் இருட்டுக்குள்ளை வைச்சிருக்கிறா எண்டு யோசிப்பன். காலமை கேப்பம் எண்டு நினைப்பன். காலமை நீர் களைச்சுப் போய் வருவீர். கேக்கேல்லை. பதினொரு வருசம் கேக்கேல்லை. உம்முடைய நாலு நாள் என்ன பெரிசு?"

அடுத்த குலையைப் பிடுங்கினார். பிறகு, "இப்ப கேக்கிறன். ஏன் உள்ளை வைச்சனீர்?" என்றார்.

"புறா," என்றேன்.

"அவ்வளவுதானோ?"

இந்தக் கொப்பியில்கூட நான் புறா என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"நான் இல்லாத நேரம் என்ரை ஏதாவது ஒண்டு வீட்டுக்குள்ளை நிக்கட்டும் எண்டு," என்றேன்.

இவர் கடகத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு கைமணிக்கூட்டைப் பார்த்தார். ஆறாகியிருந்தது. விரிப்பின் ஒரு முனையை எடுத்து என் கையில் தந்துவிட்டு, மறுமுனையைப் பிடிக்கப் பந்தலுக்கு அந்தப் பக்கம் நடந்தார்.